நாத்தனார் காலில் அட்டை

முட்டிவலிக்காக இன்று சிதம்பரத்தில் ஒரு சித்த வைத்தியரிடம் போனேன். அட்டை விட்டு ரத்தம் எடுக்கும் அறையில், பக்கத்துக் கட்டிலில் என் நாத்தனார் செல்வி, காலில் அட்டையோடு.

நான் கல்யாணமாகி வந்த புதிதில், "எங்கண்ணன அட்ட மாதிரி ஒட்டிக்கினு உறிஞ்சறா" என்று எங்கள் ஊர் செம்மண்டலம் முழுக்கச் சொன்னவள். ஒரு எழுத்துகூட எனக்கு மறக்கவில்லை.

அவள் காலில் அட்டை கொழுத்தும் விடவில்லை. நர்ஸ் வெளியே போயிருந்தாள்.

"அண்ணி, பயமா இருக்கு! அந்த மஞ்சத்தூள அது வாயில போடுங்க, விட்டுடும்!"

"கெட்ட ரத்தம் இருக்கறவரைக்கும் குடிக்குமாம். உனக்கு ஜாஸ்தி போல, பொறு."

"நீங்க மாறவே இல்ல அண்ணி!"

மஞ்சள்தூள் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நர்ஸ் வரும்வரை நான் தொடவில்லை.

'பாவம், போட்டிருக்கலாமே' என்று கீழே கமெண்ட் எழுத வருகிறவர்கள், முதலில் உங்கள் நாத்தனார் எப்படிப்பட்டவள் என்று எழுதுங்கள்.