காரைத் திருப்பிக் கொடுத்த நாளில் நான் செய்த தப்பு

நான் ஐந்தாம் வகுப்புதான் படித்தேன். மறதியும் உண்டு. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் ஒரு கார் கம்பெனியில் மாதா மாதம் வாடகை கட்டி, மூன்று வருஷ லீசுக்குக் கார் எடுத்து வேலைக்குப் போய்வந்தான். ஒருநாள் காலை அவன் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தபோது, யாரோ ஒருவர் வாசலில் நின்ற காரில் ஏறிக் கிளப்பினார். நான் வெளியே ஓடினேன்.

அப்போது தெருவில் நெசவுக்காரர்கள் பட்டு இழைகளை நீளமாக விரித்து, தறிக்குப் பாவு போட்டிருந்தார்கள். அதை எடுத்தால்தான் வண்டி போகமுடியும்.

"பாவ எடுக்காதீங்கப்பா! கார திருடிக்கினு போறான்!" என்று கத்தினேன். நாலு பேர் எதிரில் பேசவே கூசுகிறவள் நான்.

எல்லோரும் காரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நான் கார் கம்பெனி ஆளுண்ணா. இந்தம்மா புள்ளதான் சாவி குடுத்தாரு," என்றார் காரில் இருந்தவர்.

"மாமியாரு வூட்டு சீதனமா, ஓட்டிக்கினு போறதுக்கு? எறங்குயா!" என்று ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார்.

மகன் ஓடிவந்தான். "வுடுங்கண்ணா. எனக்கு வேல போயி ரெண்டு மாசம் ஆவுது. நான்தான் லீச முடிச்சிக்கினு கார திருப்பிக் குடுக்கறேன்," என்றான்.

தினமும் சாப்பாடு கட்டிக் கொடுத்த எனக்கே அவனுக்கு வேலை போனது தெரியாது. என்னால் தெருவே கேட்டுவிட்டது. அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை.

இப்போது எதுவானாலும் மகனைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்கிறேன். அப்படிக் கேட்டபோது, லீசைப் பாதியில் முடிக்கக் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும், வண்டியை எடுத்துப்போக வருகிறவரிடம் அடையாள அட்டை கேட்கலாம் என்றான். அது சரியா என்று விவரம் தெரிந்தவர்களைக் கேட்டுப் பத்திரிகையில் போடுங்கள். எங்கள் பெயரை மட்டும் போடவேண்டாம். எங்கள் தெரு கேட்டதே போதும்.