கறுப்புக்கு அடியில் ஒரு வீடு

இன்று ஐந்தாம் வகுப்புக்கு ஸ்கிராட்ச் ஆர்ட் நடத்தினேன். தாள் முழுக்கக் கிரேயானைப் பட்டை பட்டையாகத் தீட்டி, மேலே கறுப்பு பெயின்ட் பூசி, காய்ந்ததும் குச்சியால் கீற வேண்டும். கீறிய இடத்தில் வண்ணம் தெரியும்.

ஒரு சிறுமி மட்டும் பட்டை தீட்டாமல் வீடு, கிணறு, மாடு என்று படமே வரைந்துவிட்டாள். பெயின்ட்டைத் தொடவில்லை.

"பூச வேணாம் மிஸ். இது எங்க பழைய வூடு. மைன்ஸுக்கு எடுத்துக்கினாங்க."

எனக்குப் பாடவேளை முடியப்போகும் அவசரம்.

"அடியில பத்திரமா இருக்கும்மா. சுரண்டினா அப்படியே வந்துடும்" என்று சொல்லி, பிரஷ்ஷை வாங்கி நானே பூசினேன்.

மதியம், காய்ந்ததும் கீறினாள். கோடு கோடாகக் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் பச்சை. வீடு வரவில்லை. குச்சியைப் போட்டுவிட்டு நகத்தால் சுரண்டினாள்.

"இன்னும் சுரண்டினா வருமா மிஸ்?"

சரிசெய்து தருகிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டேன். இப்போது என் கணவருக்கு மைன்ஸில் கொடுத்த குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

கிரேயான் கலையாமல் பெயின்ட்டை மட்டும் எடுக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'வேறு வீடு வரையச் சொல்லுங்கள்' என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதை நான் அவளிடம் சொல்லியாயிற்று.