பல் விளக்காத எச்சில்

காலை ஐந்தேகால் மணிக்கு வேலூரில் பஸ் ஏறினேன், மடியில் ஐஸ் பெட்டி. ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர். பிழைப்பு சென்னையில் என்றாலும் நான் பிறந்தது இந்தப் பக்கம்தான். தோல் வாடை ஜன்னலில் ஏறியதும் ஊர் வந்துவிட்டது என்று மூக்கே சொல்லிவிடும். எதிரே ஷூ கம்பெனி பஸ்களில் இளம்பெண்கள். நான் பார்க்கப் போனது அவர்களுடைய அம்மாக்களை, நாற்று நடும் கூலிப் பெண்களை.

ஏழரைக்கு டவுன் பஸ் மலையடிவாரக் கிராமத்தில் இறக்கிவிட்டது. மன உளைச்சலில் கூடும் ஹார்மோனை எச்சிலில் அளப்பது எங்கள் ஆய்வு. கண் விழித்ததும், வாய்கூடக் கொப்பளிக்காமல், குப்பியில் துப்ப வேண்டும். முந்தின நாளே குப்பிகளைக் கொடுத்துப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். வரப்போரம் குப்பிகளோடு நின்ற பெண்களிடம் பல்பொடி வாசம் வீசியது.

"பல்லு விளக்கிட்டீங்களா?"

நடவு செட்டின் தலைவி மல்லிகா முறைத்தாள். "பின்ன இன்னா மேடம், ஊத்த வாய் எச்சிய ஒரு மனுஷி கையில குடுக்கறதா? நல்லா கொப்பளிச்சிட்டு, சுத்தமா குடுத்திருக்கோம்."

அந்த மரியாதையில் என் வேலை மொத்தமும் போயிற்று. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கடைசியில் நின்ற செல்வி மட்டும் குப்பியை முந்தானையில் மறைத்தாள். "என்து அசிங்கம் மேடம். எழுந்திரிக்கவே முடியல. படுத்த வாக்குலயே துப்பிட்டேன்."

மாதக்கணக்கில் அப்படித்தானாம். தூக்கமில்லை, வீட்டில் சோம்பேறிப் பட்டம். நடவில் அவள் பின்தங்கினால் இரு பக்கத்துப் பெண்களும் அவள் பங்கையும் சேர்த்து நட்டு வரிசையை நேராக்கிவிடுவார்கள். நிலத்துக்காரருக்கு இன்றுவரை தெரியாது.

"இது ஒண்ணுதான் சரியா இருக்கு," என்றேன்.

"அப்ப நான் சோம்பேறி இல்லன்னு இதுல தெரிஞ்சிடுமா?"

எச்சில் மட்டும் சொல்லாது, டாக்டரிடம் பேச வேண்டும், இன்றே என்னோடு வா என்றேன். அவள் தயங்கினாள். பைத்தியம் என்று பேர் வந்தால் கூலிக்கு யார் கூப்பிடுவார்கள்?

"உன் பங்க நாங்க நட்டுக்கறோம், போய்ட்டு வாடி," என்றாள் மல்லிகா. "எவனாவது பைத்தியம்னு சொல்லட்டும், இந்த செட்டே அவன் நெலத்துல கால் வெக்காது."

எங்கள் ஊர்ப் பெண்கள்! செல்வியின் குப்பியை வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

ஒன்பதரை மணி பஸ். சென்னையில் எங்கள் குடியிருப்பில் இந்த நோய்க்கு மஞ்சள்காமாலை என்று பெயர் சூட்டி, கதவைச் சாத்திக்கொண்டுதான் மாத்திரை கொடுப்பார்கள். செல்வியும் காய்ச்சல் என்று சமாளிப்பாள் என்றே நினைத்தேன். கண்டக்டர் மகளிர் இலவசச் சீட்டைக் கிழித்தபடி, "இன்னாம்மா, நடவுக்குப் போவல? எங்க கெளம்பிட்ட?" என்றார்.

பஸ் நிறைய ஊர்க்காரர்கள். செல்வி கம்பியைப் பிடித்து நிமிர்ந்தாள்.

"வேலூருக்கு. மனசுல நோவு. டாக்டராண்ட காட்டப் போறேன்."