கையுறையில் ஒற்றிய பஞ்சு

வெடித்துச் சிதறிய இடங்களுக்குப் போய்ப் பொறுக்குவதுதான் என் மனைவியின் வேலை. தடயவியல் கூடத்தில் உத்தியோகம் என்று கௌரவமாகவும் சொல்லலாம். என் மாமியார் அப்படித்தான் சொல்லிக்கொள்வார். நான் பார்த்தவரைக்கும் சல்லடை, பிரஷ், பஞ்சு, டப்பா, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறை. அதுவரை கிட்டே போனால், "தொடாதீங்க, உங்க மேல ஒட்டும்" என்பாள். கல்யாணமான புதிதில் எனக்கு முகம் சுண்டிப்போகும். எனக்குப் பழகிவிட்டது, அவளுக்குத்தான் இன்னும் பழகவில்லை. வரவரச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பிடவே மறந்துவிடுகிறாள்.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சம்பவ இடத்தில் எதையும் தொடுவதற்கு முன்னால், புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு, அந்தக் கையுறையையே பஞ்சால் ஒற்றித் தனி டப்பாவில் போட வேண்டும். வரும்போது தன்னிடம் ஒன்றும் இல்லை என்பதற்கு அந்தப் பஞ்சுதான் சாட்சி. வெடிமருந்து கண்ணுக்கே தெரியாமல் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிடுமாம்.

போன மாதம் ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் கடை ஒன்று வெடித்தது. கடைக்காரரும் போய்விட்டார், பக்கத்துக் கடைத் தையல்காரரும் போய்விட்டார். வெடித்தது கேஸ் உருளையா, கடைக்காரர் பதுக்கிவைத்த வெடிமருந்தா என்பதுதான் கேள்வி. தெருவோ தீர்ப்பே எழுதிவிட்டது. கடைக்காரரின் மனைவி கண்ணில் பட்டாலே தையல்காரர் வீட்டார் மண்ணை வாரித் தூற்றினார்கள்.

சோதனையில், கடை மேசையில் ஒற்றிய பஞ்சில் வெடிமருந்து இருந்தது. போலீஸ் அதிகாரிக்கு வாயெல்லாம் பல். ஆனால் கையுறைப் பஞ்சிலும் அதே மருந்து இருந்தது. முந்தின நாள் கல்குவாரி விபத்துக்குத் தூக்கிப்போன பையை, நன்றாகத் துடைத்தாயிற்று என்ற நம்பிக்கையில் என் மனைவி இங்கும் கொண்டுபோயிருக்கிறாள்.

அதிகாரி வீட்டுக்கே போன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"மேடம், அந்த ஒரு டப்பாவ மட்டும் விட்டுடுங்களேன். யாரு கேக்கப் போறாங்க?"

"அத விட்டா மத்ததுக்கு என்ன சார் மதிப்பு?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

தான் எடுத்தது எதுவுமே செல்லாது என்று அறிக்கை கொடுத்தாள். மறுபடி எடுக்கலாமென்றால், அதற்குள் இடிபாட்டை அள்ளிக் கொட்டித் தெருவையும் கழுவிவிட்டிருந்தார்கள். மிஞ்சிய உருளைத் துண்டுகளை வைத்து இரண்டு விதமாகவும் சொல்லலாமாம். மேலிடம் அவளிடம் விளக்கம் கேட்டது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஊர்ல இல்லாத நேர்மை உனக்கு மட்டும் எதுக்கு?"

"என் பையில இருந்த அழுக்க ஒரு செத்த மனுஷன் மேல பூசச் சொல்றீங்களா?"



ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்காரரின் மனைவி வந்தார். விலாசத்தை யாரிடம் வாங்கினாரோ. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அறிக்கை பற்றி அரைகுறையாகக் காதில் விழுந்திருந்தது. முகத்தில் ஒரு தெளிச்சல்.

"வெடிமருந்து இல்லன்னு எழுதிட்டீங்களாமே அக்கா, நல்லாயிருப்பீங்க. அத அந்தத் தையல்காரர் வீட்ல வந்து ஒரு வார்த்த சொல்லுவீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

ஆமாமென்று ஒருமுறை தலையை ஆட்டித் தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"இல்லன்னு எழுதலம்மா. இருந்துச்சா இல்லையான்னு தெரியாதுன்னுதான் எழுதியிருக்கேன். தப்பு என்னோடது. என் பையில இருந்து ஒட்டியிருக்கு."

"உங்க பையில இருந்து வந்ததுன்னா, அவரு வெக்கலன்னுதானே அர்த்தம்?"

"அப்படியும் சொல்ல முடியாதும்மா. இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

அந்த அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"வெச்சிருந்தாருன்னு நீங்க எழுதியிருந்தாக்கூட, பொய்யின்னு உங்ககூட சண்ட போட்டிருப்பேன். இப்ப நான் யார்கூடக்கா சண்ட போடுறது?"

என் மனைவி அவ்வளவு களைத்துப்போய் நான் பார்த்ததில்லை. பிறகு எழுந்தாள்.

"என்கூடப் போடுங்கம்மா. அவங்களும் என்கூடவே போடட்டும். வாங்க, அவங்க வீட்டுக்குப் போலாம்."

இருவரும் படி இறங்கினார்கள். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.