மாடியிலிருந்து இறங்கிவந்த வகுப்பு

தந்தி வந்தபோது கடையில் புதுத் துணிச்சிப்பத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணன் லீவுக்கு வர்றாரு!" என்று படிக்கும் முன்பே பதுளைக் கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி கூவிவிட்டேன். தபால்காரர் படித்துச் சொன்னதும் பெரியப்பா அந்தச் சிப்பத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். திருச்சியில் படித்துக்கொண்டிருந்த அவர் மகன் கதிரேசன் அண்ணன், கடைசிப் பரீட்சைக்கு முன்பே விஷக்காய்ச்சலில் போய்விட்டார்.

கடைக்கு வந்துபோகும் உங்களுக்கெல்லாம் அண்ணனைத் தெரியும். ஒரு கால் சூம்பி, கக்கத்தில் கட்டையோடு நடந்தவர். "கல்லாவிலே உட்காரு ராசா, கடல் கடந்து படிப்பெதுக்கு?" என்பார் பெரியம்மா. "கல்லாவிலே உட்கார்ந்தா கல்லாதவனாத்தான் இருப்பேன். முடிச்சிட்டு வந்து இங்கேயே பள்ளிக்கூடம் வைக்கிறேம்மா" என்பார் அண்ணன்.

அவர் புறப்பட்ட அன்று, பண்டாரவளை ரயிலுக்கு வண்டி பூட்டி நின்றது. நல்ல சகுனத்துக்காக ஒரு சுமங்கலியை எதிரே வரச் சொல்லியிருந்தார் பெரியம்மா. அந்தச் சுமங்கலியை முந்திக்கொண்டு நான் துடைப்பக்கட்டையைக் கக்கத்தில் இடுக்கி நொண்டிக்கொண்டு வந்தேன்.

"அடப்பாவி! ஊருக்குப் போறப்போ நொண்டி எதிரே வரலாமா?" என்று கத்திய பெரியம்மா, அடுத்த நொடியே வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணன் சிரித்தார். "விடும்மா. போறவனே நொண்டி. சகுனம் கெட்டது அவனுக்குத்தான். அவனை உட்கார வச்சுத் தண்ணி குடு."

திருச்சிக் கல்லூரியில் வகுப்பு மாடியில். தினமும் இருவர் அவரைத் தூக்கிப் போனார்கள். "படிக்க வந்தேன் ஐயா, படி ஏற வரலை. தூக்குறவங்க வராத அன்னிக்கு எனக்குப் படிப்பில்லையா? வகுப்பைக் கீழே கொண்டு வாங்க" என்று கல்லூரி முதல்வரிடம் கேட்டிருக்கிறார். அவர் மறுத்ததும் அண்ணன் மாடிப்படிக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு, மேலே பெயர் கூப்பிடும்போது கட்டடம் அதிர "உள்ளேன் ஐயா!" என்பாராம். ஒரு மாதம்கூட அவர்களால் தாங்க முடியவில்லை. வகுப்பு இறங்கி வந்துவிட்டது. போன லீவில் இதை நடித்தே காட்டினார்.

தந்தி வந்த சில நாளில், அண்ணனோடு படித்த பண்டாரவளைக்காரர் ஒருவர் அவருடைய பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். பெரியம்மா காய்ச்சலைப் பற்றிக் கேட்கவில்லை. "வகுப்பை மறுபடி மேலே கொண்டு போயிட்டாங்களா தம்பி?"

"இல்லீங்கம்மா. கீழேதான் நடக்குது."

அண்ணன் வைக்க நினைத்த பள்ளிக்கூடம் இனி இல்லை. வேண்டியதைக் கெஞ்சாமல் கேட்கும் அவர் துணிச்சலை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். காரியம் முடிந்த மறுநாள், "பெரியப்பா, என்னைத் திருச்சிக்கு அனுப்புங்க. அண்ணன் விட்டதை நான் படிக்கிறேன்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேனோ என்று அவர் என் முகத்தையே பார்த்தார்.

"நீயும் போயிட்டா கடையிலே யாருடா சத்தம் போடுறது?" என்று கேட்டார். அப்போதுதான் அவர் முதன்முதலாக அழுதார்.