கடைசி வரிசைத் துண்டு

போன வாரம் இங்கே உப்பல் பேட்டையில் ஒரு கல்யாணம். நாகஸ்வரத்தின் வாய்க்குள்ளேயே நுழைப்பதுபோல ஒரு மைக்கை வைத்திருந்தார்கள். தெருக்கோடி வரை தானாகவே கேட்கிற வாத்தியம் அது. பக்கத்து நாற்காலிக்காரர் என்னிடம் ஏதோ கேட்டார். ஒன்றும் விளங்காமல் தலையாட்டி வைத்தேன். பெண்ணுக்கு மாமாவா என்று கேட்டிருக்கிறார். பந்தியில் எனக்கு நடந்த உபசாரத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சூடேறிய மைக் செட்டின் வாசனை மூக்கில் பட்டதும் மச்சான் நினைவுக்கு வந்தார்.

மச்சான் சிங்காரம் என் அக்கா புருஷன். நிஜாம் காலத்தில் லாலாகுடா ரயில்வே பட்டறையில் பாய்லர் வேலை. சம்மட்டிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த தொண்டை. பட்டறைக் காலனியில் ராம நவமிக் கச்சேரி வருஷா வருஷம் அவருடையதுதான். பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருந்த நான் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டுவேன். வாயைத் திறக்க வேண்டாத வேலை, எனக்குப் பொருத்தம்.

அந்தக் கச்சேரிகளுக்கு ஓர் ஏற்பாடு உண்டு. கடைசி வரிசையில் தச்சர் வேலு உட்காருவார். பாட்டு அங்கே வந்து சேராவிட்டால் துண்டைத் தூக்குவார்; மச்சான் குரலை ஏற்றுவார். குறைக்கச் சொல்வதற்கு ஜாடை கிடையாது. அப்படி ஒன்று தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

ஒரு வருஷம் கமிட்டிக்காரர்கள் மைக் செட் வாடகைக்கு எடுத்தார்கள். குமாஸ்தா நடராஜனுக்கும் பாட இடம் கொடுத்தார்கள். ரகசியம் சொல்வதுபோலப் பாடுகிறவர். மைக்கில் யார் நன்றாகக் கேட்கிறாரோ, இனி கச்சேரி அவருக்கே என்று பேச்சு. அக்கா காலையிலிருந்து சாப்பிடவில்லை.

மச்சானுக்குச் சிரிப்பு. "அவன் பாடுறது அவன் சட்டைப் பைக்கே கேக்காது மாப்ளே!"

நடராஜன் முதலில் பாடினார். அவருடைய ரகசியத்தை மைக் காலனி முழுக்கச் சொல்லிவிட்டது. அடுத்து மச்சான். வழியில் நிற்கும் ஆளைப் பார்ப்பதுபோல மைக்கை ஒரு முறை பார்த்துவிட்டு, அதைத் தாண்டி வேலுவைப் பார்த்துப் பாடினார். முதல் வரியிலேயே செட் வீறிட்டது.

செட்டுக்கார மஸ்தான் பாய் உருது கலந்த அரைகுறைத் தமிழில் அலறிக்கொண்டு ஓடிவந்தார். "நக்கோ சாப், வேணாம்! காய்கு, ஏன் இப்படி கத்துறீங்க? மைக்குக்குக் காது நல்லா இருக்கு!"

மச்சான் அடங்கியிருப்பார். ஆனால் ஸ்பீக்கர் குழாயைப் பின்னால் வேப்பமரத்தில், வேலுவின் தலைக்கு நேர் மேலே கட்டியிருந்தார்கள். ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, போதும் போதும் என்று மறு கையால் துண்டை வீசினார் வேலு.

மச்சானுக்கு அந்தத் துண்டு சொல்வது ஒன்றே ஒன்றுதான். "பாத்தியா, இவ்ளோ செலவு பண்ணியும் கடைசில கேக்கல!" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார். அதுவும் மைக்கில் போயிற்று. குரலை ஏற்றினார். துண்டு சுழன்றது. இன்னும் ஏற்றினார். குழந்தைகள் அழுதன. அக்கா தலையை நிமிர்த்தவில்லை. கடைசியில் வேலு எழுந்து ஓடிவிட்டார். துண்டு இறங்கிவிட்ட திருப்தியில் மச்சான் மங்களம் பாடினார்.

அடுத்த வருஷத்திலிருந்து கச்சேரி நடராஜனுக்கு. மச்சான் பந்தல் பக்கமே வரவில்லை. பட்டறையில் மட்டும் பாடுவார். அத்தனை சம்மட்டிக்கு நடுவிலும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. வேலு ஒருநாள் தச்சுக் கொட்டகையிலிருந்து வந்து நின்றார். "கேக்குதுண்ணே," என்று துண்டை மடித்து இடுப்பில் செருகிக் காட்டினார். மச்சான் அவரைப் பார்க்காமல் அடுத்த வரியை எடுத்தார்.

இப்போது கடைசி வரிசை என்று ஒன்று கிடையாது. எங்கே உட்கார்ந்தாலும் ஸ்பீக்கருக்குப் பக்கம்தான். உப்பலில் தாங்க முடியாமல், என் கூச்சத்தையும் மறந்து, கைக்குட்டையைத் தூக்கிக் காட்டினேன். நாகஸ்வரக்காரர் மைக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.