சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்

ஆம்பூரில் பதினோராம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். முதல் தொகுதியை நடத்த எனக்கொரு சுலப வழி உண்டு. லித்தியம், சோடியம், பொட்டாசியம் எல்லாம் ஒரே குடும்பம். வெளிக்கூட்டில் ஆளுக்கு ஒரே ஓர் எலெக்ட்ரான், ஆகவே குணமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பேன். கீழே இறங்க இறங்க வேகம் கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். வருடக்கணக்காகச் சொல்லி வாய் பழகிவிட்டது. பழகிய வாய்க்கு மூளை தேவைப்படுவதில்லை.

என் கணவருக்கு வாணியம்பாடியில் தோல் குடோனில் வேலை. உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலை உதறித் தரம் பிரித்து அடுக்குவார். நாளெல்லாம் உப்பில் நிற்கிறவருக்கு வீட்டுக் குழம்பில் எவ்வளவு போட்டாலும் போதாது. சிறுநீரகம் பழுதாகிவிட்டது, உப்பைக் குறையுங்கள் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்று இரவே தட்டைத் தள்ளிவிட்டார்.

"உப்பில்லாம இன்னாத்த சாப்பிடறது?"

எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மறுநாள் கடையில் 'குறைந்த சோடியம்' என்று ஒரு பாக்கெட் உப்பு கண்ணில் பட்டது. சோடியம் குளோரைடில் ஒரு பங்கைக் குறைத்துப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருந்தார்கள். ஒரே தொகுதிதானே! என் படிப்பு வீட்டுக்கு உதவிய பெருமை எனக்குத் தாங்கவில்லை. அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கக் கண்ணாடியைத் தேடவில்லை.

"இது வேற உப்பு, பயப்படாம சாப்பிடுங்க" என்றேன். இரண்டு வாரம் ரசித்துச் சாப்பிட்டார், இரண்டாம் முறை சாம்பார் கேட்டார்.

அப்புறம் ஒரு காலையில் கட்டிலை விட்டு எழ அவருக்குக் காலில் பலமில்லை. நெஞ்சு படபடக்கிறது என்றார். வேலூருக்குக் கொண்டு ஓடினோம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. ஊசி போட்டு, மார்பில் ஒயர்களை ஒட்டிவிட்டு, இளம் பெண் மருத்துவர் என்னிடம் வந்தார்.

"கெட்டுப்போன கிட்னியால பொட்டாசியத்த வெளியேத்த முடியாதும்மா. ஜாஸ்தியானா இதயமே நின்னுடும். வீட்ல இன்னா உப்பு போடறீங்க?"

சொன்னேன். அவர் அதைக் கேஸ் தாளில் எழுதிக்கொண்டார்.

எலெக்ட்ரானை எண்ணத் தெரிந்த எனக்கு, சோடியம் செல்லுக்கு வெளியிலும் பொட்டாசியம் உள்ளேயும் இருந்து வேறு வேறு வேலை பார்ப்பது தெரியாமல் இல்லை. அடுப்படியில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"நீங்க இன்னா பண்றீங்கம்மா?" என்று மருத்துவர் கேட்டார்.

"வீட்லதான் இருக்கேன்" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

நான் தன்னடக்கமாகப் பேசுவதாகக் கட்டிலில் கிடந்தவர் நினைத்துவிட்டார். ஒயர்களோடு தலையைத் தூக்கினார்.

"இல்ல டாக்டர், அவங்க கெமிஸ்ட்ரி டீச்சர். எம்.எஸ்ஸி. எனக்கு எது ஒத்துக்கும்னு அவங்களுக்குத் தெரியும். அவங்கள கேக்காம ஒரு வாய் வைக்க மாட்டேன்."